வெண்பனி படிந்த இங்கிலாந்து வயல்வெளியை எண்ணெய் வண்ணத்தில் வரைதல்: வெண்மை ஏன் உயிரற்றுப் போகிறது?

கீழக்கரைத் தூரிகை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மணமாகி இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் குடியிருக்கும் என் லாத்தா (அக்கா), கீழக்கரையில் புதிதாகக் கட்டியுள்ள வீட்டின் கூடத்தில் மாட்டுவதற்காக, தாம் வாழும் ஊரின் பனிக்கால வயல்வெளியை வரைந்து தருமாறு கேட்டிருக்கிறார். கைப்பேசியில் எடுத்த சில நிழற்படங்களையும் அனுப்பியுள்ளார். நான் தேர்ந்தெடுத்த படத்தில் சாய்வான வயலும், அதைக் குறுக்கே வெட்டிச் செல்லும் கல் சுவரும், ஒரு மரக் கதவும், தொலைவில் இலையுதிர்ந்த மரங்களுக்கு நடுவே தேவாலயக் கோபுரமும் இருக்கின்றன. மூன்றடி அகலமும் இரண்டடி உயரமும் உள்ள கேன்வாஸில், தூரிகைத் தடங்கள் தெரியும்படி இம்ப்ரஷனிச முறையில் வரைய வேண்டும் என்பது அவருடைய விருப்பம். எனக்கும் அதுவே உடன்பாடு.

சிக்கல் வெண்மையில்தான் இருக்கிறது. டைட்டானியம் வெள்ளையை அப்படியே பூசினால் வயல், வெள்ளையடித்த சுவரைப் போலத் தட்டையாக நிற்கிறது. கறுப்பைக் கலந்து சாம்பலாக்கினால் அழுக்குப் படிந்ததாகத் தோன்றுகிறது. நிழற்படத்தை அச்செடுத்துப் பார்த்தால் பனியே மங்கிய சாம்பல் நிறத்தில்தான் இருக்கிறது. ஆனால் அன்று கண் கூசியதாக லாத்தா உறுதியாகச் சொல்கிறார். நான் பனிப்பொழிவை நேரில் கண்டவள் அல்லள். நிழலுக்கு எந்த நிறத்தைப் பயன்படுத்துவது, நிழற்படத்தை எந்த அளவுக்கு நம்புவது, கடலுக்கு இவ்வளவு அருகில் உள்ள வீட்டில் வெண்மை மிகுந்த எண்ணெய் ஓவியம் மஞ்சளாகாமல் எப்படிக் காப்பது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

சேதுச் சித்திரம், இராமநாதபுரம், எழுதியது:

அம்மா, பள்ளிகளில் ஓவியம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். வெள்ளை வண்ணத்தில் குறை ஏதும் இல்லை. குழாயிலிருந்து வரும் வெள்ளையைக் காட்டிலும் ஒளிமிக்க வண்ணம் உங்கள் தட்டில் வேறில்லை. அதை வயல் முழுவதும் பூசிவிட்டால், வெயில் பட்டுச் சுடர்விடும் சிறு இடத்துக்கு எதைக் கொண்டு ஒளி தருவீர்கள்? தொடக்கத்தில் வயல் முழுவதையும் வெள்ளைக்கு இரண்டு மூன்று படி கீழான நிறங்களில் இட்டு, தூய வெள்ளையைக் கடைசிவரை கையிருப்பாக வைத்திருங்கள். அந்தக் கடைசி வெள்ளையிலும் கடுகளவு மஞ்சள் காவி கலந்திருக்கட்டும்.

அதற்கு முன் ஒரு முடிவை எடுக்க வேண்டும்: படத்தில் இருப்பது வெயில் நாளா, மேகமூட்ட நாளா? இவ்விரண்டும் முற்றிலும் வேறான ஓவியங்கள். வெயில் நாளில் பனியின் மீது இரண்டு ஒளிகள் விழுகின்றன. ஒன்று சூரியனின் வெதுவெதுப்பான ஒளி. மற்றொன்று நீல வானத்தின் ஒளி. சுவரோ மரமோ சூரியனை மறைக்கும் இடத்தில் வானத்தின் ஒளி மட்டுமே எஞ்சுகிறது. பனி எல்லா நிறத்தையும் ஏறத்தாழ ஒரே அளவில் திருப்பி அனுப்புவதால், அந்த நீலத்தை எதுவும் கலக்காமல் நமக்குக் காட்டிவிடுகிறது. நிழல் நீலமாகவும் சில வேளைகளில் ஊதா கலந்தும் தெரிவதற்கு இதுவே காரணம். இம்ப்ரஷனிச ஓவியர் குளோத் மோனே 1868-69 குளிர்காலத்தில் பிரான்சின் எத்ரெத்தா அருகே வரைந்த, ஒரு படல் கதவின் மீது மேக்பை பறவை உட்கார்ந்திருக்கும் பனி ஓவியத்தை இணையத்தில் பெரிய அளவில் திறந்து பாருங்கள். வேலியின் நிழல் முழுவதும் நீலமாகவே இருக்கும். 1869-இல் பாரிஸின் சலோன் என்னும் அதிகாரபூர்வ ஓவியக் கண்காட்சி அதை ஏற்க மறுத்தது. இன்று அது அதே நகரின் ஓர்சே அருங்காட்சியகத்தில் தொங்குகிறது.

நம் ஊர்க் கண்ணுக்கு இது எளிதில் பிடிபடாததற்கு ஒரு காரணம் உண்டு என்று நினைக்கிறேன். இங்கே இராமலிங்க விலாசம் அரண்மனையின் சுவரோவியங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அங்கே கோடும் தட்டையான நிறமும்தான் ஆட்சி செய்கின்றன. உருவங்கள் தரையில் நிழலை வீழ்த்துவதில்லை. அந்த மரபின் அழகு வேறு. ஆனால் அதிலிருந்து வருபவர், நிழல் என்றவுடன் கறுப்புக் குழாயைத் தேடுவது இயல்பு. இந்த ஓவியம் முடியும்வரை கறுப்புக் குழாயைப் பெட்டியிலிருந்தே அகற்றிவிடுங்கள். அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் சியன்னா என்னும் செம்பழுப்பும் கலந்தாலே போதிய ஆழம் கிடைக்கும். நீலம் மிகுந்தால் குளிர்ந்த சாம்பல், சியன்னா மிகுந்தால் வெதுவெதுப்பான சாம்பல். இரண்டிலும் வெள்ளையைச் சேர்த்துக்கொண்டே போனால் மேகமூட்ட நாளின் பனிக்குத் தேவையான நிறங்கள் அநேகமாக எல்லாம் அந்த இரண்டு குழாய்களிலிருந்தே வந்துவிடும். வெயில் நாளின் நிழலுக்கு, கோபால்ட் நீலத்தோடு மிகச் சிறிதளவு அலிசரின் கிரிம்சன் என்னும் கருஞ்சிவப்பைச் சேர்க்கலாம்.

சூரியனின் உயரத்தையும் கவனியுங்கள். டிசம்பர் கடைசியில் யார்க்‌ஷயரில் நண்பகல் சூரியன் தொடுவானத்திலிருந்து 12 அல்லது 13 டிகிரிக்கு மேல் ஏறுவதில்லை. நம் கடற்கரையில் அதே நாளில் அது 57 டிகிரி உயரத்தில் நிற்கும். ஆகவே அங்கே ஒரு மீட்டர் உயரச் சுவருக்கு நண்பகலிலேயே நாலரை மீட்டர் நிழல் விழும். இங்கே முக்கால் மீட்டர்கூடத் தேறாது. நிழற்படத்தைப் பார்த்து வரையும்போதும், நம் வெயிலில் பழகிய கை அறியாமலேயே நிழலைச் சுருக்கிவிடும். சூரியன் உதித்து ஒரு மணி நேரம்வரை நாம் காணும் ஒளியின் சாய்வுதான் அவர்களுக்கு நண்பகல் முழுவதும்.

எனவே, வாய்ப்பிருந்தால் வாலிநோக்கம் உப்பளத்துக்கு அந்த நேரத்தில் சென்று அம்பாரங்களைப் பாருங்கள். உப்புக் குவியலின் வெயில் பக்கம், நிழல் பக்கம், தரையில் விழும் நிழல் ஆகிய மூன்றின் நிறத்தையும் சிறு அட்டைகளில் குறித்து வந்தால், உங்கள் பனிக்குத் தேவையான அளவுகோல் கையில் இருக்கும். உப்பில் மண்ணின் பழுப்புக் கொஞ்சம் கலந்திருக்கும், மணியும் பெரிது. ஆகவே பனியின் மென்மையை அங்கே தேடாமல் ஒளி, நிழலின் படிநிலையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நிழற்படத்தைப் பற்றிக் கேட்டீர்கள். கேமராவின் ஒளிமானி, தன் முன் இருக்கும் காட்சியைச் சராசரியாக நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவர முயல்கிறது. காட்சி முழுவதும் வெண்மையாக இருந்தால், அதையும் இருட்டடித்துச் சாம்பலாக்கிவிடும். கைப்பேசி இதற்கு மேலாக நிற வெப்பத்தையும் (ஒளியின் நீல, மஞ்சள் சாயலை) தானாகவே திருத்தி, நிழலின் நீலத்தைக் குறைத்துவிடலாம். உங்கள் லாத்தா சொல்வதும் உண்மை. படம் காட்டுவது கருவியின் கணக்கு. பொருள்களின் இடத்தையும் வடிவத்தையும் படத்திலிருந்து எடுங்கள். ஒளியின் அளவை அவருடைய நினைவிலிருந்து கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பாம்பன் வாடை எழுதியது:

மன்னிக்கவும், நான் மாறுபடுகிறேன். இம்ப்ரஷனிசம் என்பதே கண்ணுக்கு முன் இருக்கும் ஒளியை அந்த இடத்திலேயே நின்று பிடிப்பது. பார்த்தே இராத ஒரு நிலத்தை, அதுவும் கைப்பேசிப் படத்தைக் கொண்டு, அந்த முறையில் வரைவது முரணாகத் தோன்றுகிறது. குந்துகால் கரையிலும் தனுஷ்கோடி மணலிலும் இல்லாத ஒளியா? வெப்ப நாட்டில் பிறந்தவர்கள் பனியை வரைந்தால் அது வாழ்த்து அட்டையின் நகலாகத்தான் முடியும் என்பது என் கருத்து.

சேதுச் சித்திரம் எழுதியது:

தம்பியின் முதற்பகுதியில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் உப்பளத்துக்குப் போகச் சொன்னேன். இரண்டாவது பகுதியை ஏற்க இயலாது. இம்ப்ரஷனிசக் குழுவின் மூத்தவரான கமீல் பிசாரோ 1830-இல் பிறந்தது கரீபியன் கடலின் செயின்ட் தாமஸ் தீவில். நம் கரையைப் போலவே பனி பெய்யாத, கடல் சூழ்ந்த ஊர் அது. 1870-இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டபோது அவர் குடும்பத்தோடு இங்கிலாந்துக்குப் புகலிடம் தேடிச் சென்றார். லண்டனின் தென்புறத்தில், அப்போது பாதி கிராமமாக இருந்த அப்பர் நார்வுட்டில், ஃபாக்ஸ் ஹில் என்ற தெருவைப் பனி உருகிக்கொண்டிருக்கும் நிலையில் அவர் வரைந்த ஓவியம் லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. உயரம் ஏறக்குறைய 35 செ.மீ., அகலம் 46 செ.மீ.; அவ்வளவு சிறியது. வளைந்து இறங்கும் பாதை, இருபுறமும் வீடுகள், நடந்து செல்லும் சிலர் என்பதைத் தவிர அதில் நிகழ்ச்சி ஏதும் இல்லை. பனி மெல்லிய போர்வையாகக் கிடக்க, அதன் ஊடாக மண்ணின் பழுப்பு தெரிகிறது. இங்கிலாந்தின் பனி வேண்டும் என்றால், மோனேயின் அடர்ந்த பனியைக் காட்டிலும் இதுவே தங்கைக்கு நெருக்கமான வழிகாட்டி.

இடத்திலேயே முடிக்க வேண்டும் என்ற விதியை மோனேயே கடைசிவரை கடைப்பிடிக்கவில்லை. 1899 முதல் 1901 வரை லண்டனில் தொடங்கிய தேம்ஸ் நதி ஓவியங்களை அவர் பிரான்சின் ஜிவெர்னியில் உள்ள தம் ஓவியக்கூடத்தில் நீண்ட காலம் திருத்தி, 1904-இல்தான் காட்சிக்கு வைத்தார்.

தொண்டிக் கரை, லீட்ஸ், எழுதியது:

சகோதரி, தொண்டியில் பிறந்து, உங்கள் லாத்தா இருக்கும் அதே யார்க்‌ஷயர் பகுதியில் வசிப்பவன் என்பதால், வண்ணத்தைப் பற்றிப் பேசாமல் நிலத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வரைபவருக்குப் படத்தில் தெரியாத சில செய்திகள் பயன்படக்கூடும்.

முதலாவது, இங்கே பனி பெரும்பாலும் மெல்லியதாகவே படிகிறது. ஈரப்பதம் மிகுந்தது, விரைவில் உருகுவது. புல்லின் நுனிகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். உழுத வயலாக இருந்தால் சால்களின் பள்ளத்தில் வெண்மையும் மேட்டில் மண்ணுமாகக் கோடு கோடாகத் தெரியும். ஆதலால் கேன்வாஸின் அடித்தளத்தை மணல் நிறத்திலோ வெளிர்ப் பழுப்பிலோ மெல்லப் பூசி உலரவிட்டு, அதன் மேல் பனியை விட்டுவிட்டுத் தீட்டினால், அந்த மெல்லிய தன்மை தானாகவே கிடைக்கும் என்று தோன்றுகிறது. முழங்கால் அளவு பனியை வரைந்தால் அது வேறு நாடாகிவிடும்.

இரண்டாவது, அந்தக் கல் சுவர். சாந்து ஏதும் இல்லாமல் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, உச்சியில் தட்டைக் கற்களைச் செங்குத்தாக நிறுத்திய சுவர்கள் இவை. பனி அந்த உச்சிக் கற்களின் மேலும், பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் கற்களின் மேலும் மட்டுமே தங்கும். சுவரின் முகம் ஏறத்தாழக் கறுத்தே இருக்கும். காற்றோடு பெய்த பனி என்றால் சுவரின் ஒரு பக்கம் குவிந்து கிடக்க, மறுபக்கம் பச்சைப் புல்லே தெரியும். படத்தில் எந்தப் பக்கம் குவிந்திருக்கிறது என்று கவனித்து, ஓவியம் முழுவதும் அதே திசையைப் பின்பற்றுங்கள். மரத்தண்டுகளில் ஒட்டிய பனிக்கும் அது பொருந்தும்.

இலையுதிர்ந்த மரங்களில் கிளை கிளையாகக் கோடு இழுக்க வேண்டாம். தொலைவில் இருக்கும்போது சிறு கிளைகள் எல்லாம் சேர்ந்து ஊதா கலந்த பழுப்பு மூட்டமாகவே கண்ணில் படும். அந்த மூட்டத்துக்குள் ரூக் என்னும் காக்கையினப் பறவைகளின் கூடுகள் கறுப்புத் திட்டுகளாகத் தெரியும். தேவாலய முற்றத்தில் யூ மரம் இருந்தால் அது மட்டும் குளிர்காலத்திலும் கரும்பச்சையாக நிற்கும். கோபுரத்தின் அடியில் அந்த ஒரு கரும் நிறம் இருப்பது, உங்கள் தொலைதூரக் காட்சிக்கு ஊன்றுகோலாக அமையும்.

வயலில் ஆடுகள் இருக்கின்றனவா? இருந்தால் அவற்றை வெள்ளையாக வரைந்துவிடாதீர்கள். பச்சைப் புல்லில் வெள்ளையாகத் தெரியும் செம்மறி, பனியின் நடுவே பழைய தந்தத்தின் மஞ்சளாகத்தான் தெரியும். அந்த மஞ்சள் அருகில் இருப்பதாலேயே பனி இன்னும் வெண்மையாகிறது. வண்டித் தடங்களில் பனி உருகி நீர் நின்றால் அது வானத்தின் நிறத்தையே காட்டும். மாலை நான்கு மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடுவதால், படம் எந்த நேரத்தில் எடுக்கப்பட்டது என்பதையும் லாத்தாவிடம் கேளுங்கள். பகல் இரண்டரை மணிப் படமாக இருந்தாலே ஒளி செம்மை ஏறியிருக்கும்.

கீழக்கரைத் தூரிகை எழுதியது:

ஐயாவுக்கும் தொண்டிச் சகோதரருக்கும் மிக்க நன்றி. லாத்தாவிடம் கேட்டுவிட்டேன். படம் பகல் ஒரு மணியளவில், வெயில் தலைகாட்டிய சிறு இடைவெளியில் எடுக்கப்பட்டதாம். ஆகவே வெயில் நாளாகவே தீட்டப் போகிறேன். ஆடுகள் இருக்கின்றன, சுவரோரமாக. பாம்பன் நண்பரின் கருத்தையும் புறந்தள்ளவில்லை. உப்பளத்தில் எடுக்கும் குறிப்புகளைத் தனி ஓவியமாகவும் ஆக்கலாம் என்று எண்ணுகிறேன். மஞ்சளாவது குறித்த கேள்விக்கு மட்டும் விடை வரவில்லை. வண்ணத்தை இளக்க, கட்டுமானப் பொருள் கடையில் வாங்கிய டபுள் பாயில்டு லின்சீட் ஆயிலை (காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை) பயன்படுத்தி வருகிறேன். அது சரிதானா?

சட்டக் கடை, இராமேசுவரம், எழுதியது:

சகோதரி, அதை உடனே நிறுத்துங்கள். கதவு, சன்னலுக்குப் பூசுவதற்காகக் காய்ச்சி, விரைவில் உலரும்படி உலோக உப்புகள் சேர்த்த எண்ணெய் அது. நாளடைவில் பழுப்பேறிவிடும், மற்ற நிறங்களில் மறைந்துபோகும் அந்தப் பழுப்பு, பனியில் அப்பட்டமாகத் தெரியும். ஓவியப் பொருள் கடைகளில் விற்கும் சுத்திகரித்த ஆளிவிதை எண்ணெயை அடி அடுக்குகளுக்கு மிகக் குறைவாகவும், மேல் அடுக்குகளுக்குச் சற்றுக் கூடுதலாகவும் பயன்படுத்துங்கள். அடியில் எண்ணெய் மிகுந்து மேலே குறைந்தால் மேல் அடுக்கு முதலில் இறுகி வெடிக்கும். வெள்ளைக் குழாயை வாங்கும்போது, குசும்பா எண்ணெயில் அரைத்த டைட்டானியம் வெள்ளையா என்று பாருங்கள். அது ஆளிவிதை எண்ணெயைவிடக் குறைவாக மஞ்சளாகும், ஆனால் உலர்வதற்கு அதிக நாளாகும். துத்தநாக வெள்ளை காலப்போக்கில் நொறுங்கும் தன்மை உடையது. ஈய வெள்ளை நச்சு. எங்கள் பக்கம் சிலர் செய்வதுபோல் தேங்காய் எண்ணெயை ஒருபோதும் கலக்க வேண்டாம். அது ஆண்டுக்கணக்கில் உலராது.

எண்ணெய் வண்ணம், நீர் ஆவியாவதால் உலர்வதில்லை. காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இது இன்னும் தாமதமாகும். தை பிறந்த பின் தொடங்குவது நல்லது. உலரும் காலத்தில் ஓவியத்தைத் துணி சுற்றி இருட்டறையில் வைக்காதீர்கள். இருட்டில்தான் எண்ணெய் விரைவாக மஞ்சளாகும். நேர் வெயில் படாத பகல் வெளிச்சத்தில் மீண்டும் வைத்தால் அந்த மஞ்சள் ஓரளவு விலகுவதும் உண்டு. வார்னிஷைக் குறைந்தது ஆறு மாதம் கழித்து, பின்னாளில் அகற்றக்கூடிய வகையாகப் பார்த்துப் பூசுங்கள்.

கடற்காற்றைப் பொறுத்தவரை, கேன்வாஸைச் சட்டத்தில் அறையும் ஆணி முதல் எதிரி. சாதாரண இரும்பு ஆணி இங்கே துருப்பிடித்துத் துணியைத் தின்றுவிடும். செம்பு ஆணியோ துருப்பிடிக்காத எஃகு ஊசியோ கேட்டு வாங்குங்கள். மூலைகளில் மர ஆப்பு செருகும் வகைச் சட்டமாக இருந்தால், மழைக்காலத்தில் துணி தொய்யும்போது தட்டி இறுக்கிக்கொள்ளலாம். கூடத்தில் கடலைப் பார்த்த வெளிச்சுவரைத் தவிர்த்து உட்சுவரில் மாட்டி, பின்புறம் நான்கு மூலையிலும் அரை அங்குலத் தக்கைத் துண்டு ஒட்டினால் காற்று ஓடும், பூஞ்சணம் பிடிக்காது. தூசியை உலர்ந்த மென்தூரிகையால் மட்டுமே தட்டுங்கள். உப்பு படிந்த பரப்பை ஈரத்துணியால் துடைத்தால் அது கரைந்து உள்ளேதான் இறங்கும்.

சட்டத்தின் நிறத்தைப் பற்றியும் ஒரு சொல். பிசாரோ 1877-ஆம் ஆண்டுக் கண்காட்சியில் தம் ஓவியங்களை வெள்ளைச் சட்டங்களில் வைத்தார். ஆனால் நம் வீடுகளின் வெண்சுவரில் வெள்ளைச் சட்டத்துக்குள் பனியை வைத்தால், எல்லாம் ஒன்றாகிப் பனி மங்கிவிடும் என்றே நினைக்கிறேன். மெருகு குறைந்த தேக்கு, இரண்டு அங்குல அகலம், போதும். சட்டத்தின் உள் விளிம்பு ஓவியத்தை நாற்புறமும் கால் அங்குலம் மறைக்கும். கையொப்பத்தை அதற்குள் தள்ளியே போடுங்கள், சுவரோர ஆடுகளையும் விளிம்பிலிருந்து சற்று விலக்கி நிறுத்துங்கள்.